இறக்கை ஓரத்தில் ஓர் ஈயக்கட்டி

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எடை விஷயத்தில் மகா கஞ்சர்கள். தேவையில்லாத இடத்துத் தகட்டை வட்டமாக வெட்டி எடுத்து இளைக்க வைப்பார்கள். இருக்கைக்கு மெல்லிய பஞ்சு தேடி அலைவார்கள். அதே ஆட்கள், இறக்கையின் பின்னால் கீலில் ஆடும் சிறிய தகட்டுக்குள் இரும்புக் குழாயையோ ஈயக்கட்டியையோ வைத்து ரிவெட் அடித்து மூடுவதைப் பார்த்தால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த ஈயம் எதையும் தாங்குவதில்லை, எதையும் இழுப்பதில்லை. விமானியின் கைக்கு, ஓட்டும் பிடியான ஸ்டிக்கை இலேசாக்குவதும் அதன் முதல் வேலை இல்லை. ஒரு வேகத்தைத் தாண்டும்போது விமானம் தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

வீட்டு கராஜில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் பெரிய உலகம். 1953-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற சங்கம்தான் அவர்களுக்குத் தாய்வீடு. ஆரிகனைச் சேர்ந்த வான்ஸ் ஏர்கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் வெட்டிய தகடுகளையும் வரைபடங்களையும் பெட்டியில் அனுப்பும். வாங்கியவர் பல வருடம் உட்கார்ந்து கோப்பார். வேலையில் பெரும்பகுதியைச் சொந்தக் கையால் செய்திருந்தால், விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. அதைச் ‘சோதனை’ வகை விமானமாகப் பதிவு செய்துகொள்ளும். தொழிற்சாலையில் செய்து விற்கும் விமானம் என்றால், அதன் உச்ச வேகத்துக்கு மேலும் ஒரு பங்கு வரை ஆபத்தான அதிர்வு எதுவும் வராது என்று கணக்காலும் சோதனையாலும் நிரூபித்தாக வேண்டும். சொந்தமாகக் கட்டியவரிடம் அப்படி ஒரு நிரூபணத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பொறுப்பு வடிவமைத்தவரின் தலையில் பாதி, கட்டியவரின் தலையில் பாதி.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். இறக்கையின் பின்விளிம்பில் வெளிப்பக்கமாக இருக்கும் எய்லரான்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலில் கிடைமட்டமாக இருப்பது எலிவேட்டர். மூக்கை ஏற்றி இறக்கும். செங்குத்தாக நிற்பது ரடர். மூன்றும் கீலில் தொங்குபவை. மூன்றிலும் உடம்பின் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால் இருக்கிறது, எடையும் அங்கேதான். இந்தச் சாதாரண விஷயத்தில்தான் வினை இருக்கிறது.

கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தின் முதுகை விரல்களால் லேசாகப் பிடித்து, அட்டை கிடைமட்டமாக இருக்கும்போது கையைச் சட்டென்று மேலே தூக்கிப் பாருங்கள். முதுகு மேலே போகும், அட்டையின் வெளி ஓரம் பின்தங்கிக் கீழே சாயும். கையைச் சட்டென்று இறக்கினால் ஓரம் மேலே நிற்கும். எய்லரானும் இதையேதான் செய்கிறது. காற்றின் ஒரு குலுக்கலில் இறக்கை மேல்நோக்கி வளைகிறது. கீலும் அதோடு போகிறது. எய்லரானின் கனமான பின்பாகம் மட்டும் பின்தங்கிக் கீழே சாய்கிறது. ஆனால் நோட்டுக்கும் எய்லரானுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எய்லரான் கீழே சாய்ந்தால் அந்த இறக்கைக்கு ஏற்றுவிசை கூடும். அதாவது, ஏற்கெனவே மேலே போய்க்கொண்டிருக்கும் இறக்கையை அது இன்னும் மேலே தள்ளும். இறக்கை தன் விறைப்பால் திரும்பிக் கீழே வரும்போது எய்லரான் மேலே நிற்கும், ஏற்றுவிசை குறையும், இறக்கை இன்னும் வேகமாகக் கீழே இறங்கும். ஊஞ்சல் போகிற திசையிலேயே ஒவ்வொரு முறையும் யாரோ தள்ளிவிடுவதைப் போல, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எய்லரான் காற்றிலிருந்து கொஞ்சம் சக்தியை வாங்கி இறக்கைக்குக் கொடுக்கிறது. ஃப்ளட்டர் என்பது இதுதான்.

காற்று ஆட்டத்தைத் தணிக்கவும் செய்கிறது என்பதால்தான் எல்லா விமானமும் எப்போதும் இப்படி ஆடுவதில்லை. இறக்கை மேலும் கீழும் போவதையே காற்று எதிர்க்கிறது. மெதுவாகப் பறக்கும்போது அந்த எதிர்ப்பு போதும். எந்த ஆட்டமும் ஓரிரு முறையில் அடங்கிவிடும். ஆனால் தணிக்கும் விசை ஏறத்தாழ வேகத்தின் அளவில் வளர்கிறது. எய்லரான் கொடுக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. ஏதோ ஒரு வேகத்தில் இரண்டும் சமமாகும். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும், ஒரு வினாடிக்குள் பல முறை. நேற்று வரை அந்த வேகத்துக்கு மிக அருகில் நிம்மதியாகப் பறந்த விமானம் இன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடியதால் உடையலாம். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்ற வாதத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது.

இந்தச் சிக்கல் விமானம் பிறந்த கொஞ்ச நாளிலேயே தலைகாட்டிவிட்டது. 1916-இல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் பறக்கும்போது பயங்கரமாக முறுக்கிக்கொண்டு ஆடியது. ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் ஆராய்ந்து பார்த்தார். இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் தனித்தனிக் கேபிள்களால் ஸ்டிக்கோடு இணைந்திருந்தன. ஒன்று மேலே போக மற்றது கீழே போக, வாலே திருகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே உறுதியான குழாயால் இணைத்ததும் அந்தத் தொல்லை நின்றது. இன்றைக்கும் சிறு விமானங்களில் இரு எலிவேட்டர்களும் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருப்பதற்கு அந்த வால்தான் முன்னோடி.

ஈயக்கட்டியின் கதை அதற்குச் சில வருடம் பின்னால், நெதர்லாந்தில் தொடங்குகிறது. வான் பெர்கெல் என்ற ஒற்றை இறக்கைக் கடல் விமானத்தில் இறக்கையும் எய்லரானும் சேர்ந்து ஆடின. ஃபான் பௌம்ஹௌவர், கோனிங் என்ற இருவர் 1920-களின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்து, கீலுக்கு முன்னால் எடை வைத்து எய்லரானின் ஈர்ப்பு மையத்தைக் கீலுக்கே கொண்டுவந்துவிட்டால் இந்த ஆட்டம் போய்விடும் என்று காட்டினார்கள். ஈர்ப்பு மையம் சரியாகக் கீலின் மேல் இருந்தால், கீல் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கினாலும் எய்லரான் எந்தப் பக்கமும் பின்தங்காது, அதோடு ஒட்டியே போகும். இறக்கையின் ஆட்டம் எய்லரானுக்குத் தெரியாது. எனவே எய்லரானால் அதற்குத் தீனி போட முடியாது. ஆட்டத்தைப் பலத்தால் அடக்கும் வழி அல்ல இது, இரண்டுக்கும் இடையே உள்ள உறவையே வெட்டிவிடும் வழி. இந்தத் துறையில் இதைவிட மலிவான, இதைவிட அழகான யோசனை வேறு இல்லை என்பது என் கருத்து.

எடையை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்தால், மொத்த ஈயத்தையும் எய்லரானின் ஒரு முனையில் கட்டினாலும் அது சமநிலையில் நிற்கும். பறக்கும்போது நிலைமை வேறு. இறக்கை வளையும்போது நுனி அதிகமாகவும் அடிப்பாகம் குறைவாகவும் அசைகிறது. அடிப்பக்கத்தில் கட்டிய ஈயம் சிறிதே குலுங்கும். நுனிப்பக்கத்துத் தகடு பெரிதாகக் குலுங்கும். ஒன்று மற்றொன்றை ஈடுகட்டாது. அதனால் எடையை நீளம் முழுக்கப் பரப்புவது நல்லது. வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் பலவற்றில் எய்லரானின் முன்விளிம்புக்குள் நீளவாக்கில் ஒரு இரும்புக் குழாய் ஓடுவது இதற்காகத்தான். அவற்றின் எலிவேட்டரில் ஈயம் வெளி நுனியில், கீலுக்கு முன்னால் நீளும் கொம்பு போன்ற பகுதிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கொம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: காற்று அதன் மேல் பட்டு ஸ்டிக்கின் கனத்தைக் குறைக்கும். இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடப்பதால், கொம்பு இருந்தாலே சமநிலை வந்துவிட்டது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். வெறும் கொம்பு ஃப்ளட்டரைத் தடுக்காது, அதற்குள்ளே இருக்கும் ஈயம்தான் தடுக்கும்.

ஈயத்தை நீண்ட கம்பியின் முனையில் கட்டினால் குறைந்த ஈயம் போதும் என்ற ஆசையும் எழும். உண்மைதான். ஆனால் கம்பி வளைந்துகொடுத்தால் ஈயம் தனியே ஆடத் தொடங்கும். அப்போது அது மருந்தல்ல, இன்னொரு நோய். கம்பியின் பிடிப்பு, அதைத் தாங்கும் உள்விலா (ரிப்), எல்லாம் ஈயத்தின் எடையைப் போலப் பல மடங்கு விசைக்குத் தாங்க வேண்டும். பறக்கையில் கழன்று விழுந்த எதிர் எடை, முதலிலேயே வைக்காததைவிட மோசம். இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே விமானி வேகம் எடுக்கிறார்!

சமன் பார்க்கும் முறைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எய்லரானைக் கழற்றி எடுத்து, கீல் துளைகளில் வழவழப்பான ஊசியோ போல்ட்டோ போட்டு, ரசமட்டம் பார்த்துச் சமமாக நிறுத்திய இரண்டு கூர்விளிம்புகளின் மேல் அதைத் தொங்கவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும்; ஒரு சின்னக் காற்று அளவையே மாற்றிவிடும். கீலில் உராய்வு இருந்தால் எய்லரான் எங்கே விட்டாலும் நிற்கும், அதைச் சமநிலை என்று ஏமாந்துவிடக் கூடாது. ஸ்டிக்கோடு இணைக்கும் கம்பியின் எந்தப் பகுதியைச் சேர்த்து எடை பார்க்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் சொல்லியிருப்பார். அதை அப்படியே கேட்பது நல்லது.

பிறகு பின்விளிம்பை ஒரு சின்னத் தராசில் தாங்கி நிறுத்துகிறோம். ஒரு கணக்குக்காக, தராசு 320 கிராம் காட்டுகிறது, கீலிலிருந்து அந்த இடம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 8,000. கீலுக்கு 8 செ.மீ. முன்னால் எடை வைக்க இடம் இருக்கிறது என்றால், 8,000-ஐ 8-ஆல் வகுக்க, 1,000 கிராம். ஒரு கிலோ ஈயம்! ஒரு பக்கத்துக்கு மட்டும். எடைக் கஞ்சர்கள் முனகுவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ஈயத்தைக் கூட்டுவதற்கு முன் பின்விளிம்பை இளைக்கப் பார்ப்பார்கள். கீலுக்கு வெகு பின்னால் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் முன்னால் மூன்று கிராம் ஈயத்தை மிச்சப்படுத்தும்.

இதே கணக்கின் மறுபக்கம்தான் பெயின்ட். நன்றாகச் சமன் பார்த்து வைத்த அந்த எய்லரானுக்குப் பிரைமரும் நிறமும் பளபளப்பும் சேர்ந்து 120 கிராம் ஏறியது என்று கொள்வோம். அதன் சராசரி இடம் கீலுக்கு 12 செ.மீ. பின்னால். பெருக்கி வகுத்தால், முன்னால் இன்னும் 180 கிராம் ஈயம் வேண்டும். மேலே ஒரு அழகான கோடு, அடுத்த வருடம் பழையதைச் சுரண்டாமல் இன்னொரு பூச்சு, ஆலங்கட்டி மழையில் விழுந்த பள்ளத்துக்குக் கொஞ்சம் பட்டி... எல்லாம் கீலுக்குப் பின்னால்தான் சேர்கின்றன, ஏனென்றால் தகடே பின்னால்தான் இருக்கிறது. எஃப்.ஏ.ஏ.வின் பராமரிப்புக் கையேடு, பழுது பார்த்த பிறகும் பெயின்ட் அடித்த பிறகும் சமநிலையைத் திரும்பப் பார்க்கச் சொல்வது இதனால்தான். தொழிற்சாலை விமானமான பீச்கிராஃப்ட் பொனான்சாவின் ‘வி’ வடிவ வாலிலும் பெயின்ட் அடித்தவுடன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். இன்னொரு திருடனும் உண்டு, தண்ணீர். வடிகால் துளையைப் பெயின்ட் அடைத்துவிட்டால் மழைநீர் பின்விளிம்புக்குள் தேங்கும். குளிர்நாடுகளில் அது உறைந்து பனிக்கட்டியாகவே உட்கார்ந்துகொள்ளும்.

எதிர் எடையே வேண்டாம், கேபிளை இறுக்கமாக வைத்தால் போதும் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சி சந்தித்த சோதனைதான் ஸோடியாக் சி.ஹெச். 601 எக்ஸ்.எல். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த இரண்டு இருக்கை அலுமினிய விமானம். வாங்கியவரே கோக்கும் பெட்டியாகவும் (கிட்) வந்தது, முழு விமானமாகவும் விற்றது. அதன் எய்லரான்களில் எதிர் எடை இல்லை. 2006-இல் இருந்து இவை வானிலேயே உடைந்து விழத் தொடங்கின. அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி., ஆறு விபத்துகளில் 10 பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, 2009 ஏப்ரலில் இந்த வகை முழுவதையும் தரையில் நிறுத்தும்படி எஃப்.ஏ.ஏ.வுக்கு அவசரப் பரிந்துரை அனுப்பியது. அது சந்தேகித்த முதல் ஆள் எய்லரான் ஃப்ளட்டர். எதிர் எடை இல்லாத நிலையில் கேபிளின் இறுக்கம் ஒன்றே காவல், அது போதாது என்பது வாரியத்தின் வாதம்.

கேபிளை நம்புவதில் உள்ள சங்கடத்தை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். கேபிள் எஃகு, இறக்கை அலுமினியம். குளிரில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். மூன்று மீட்டர் நீளத்துக்கு வெப்பம் 30 டிகிரி இறங்கினால் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மதிய வெயிலில் இறுக்கிய கேபிள், உயரத்தின் குளிரில் தளர்ந்துபோகும். தரையில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தவருக்கு அது தெரியாது.

ஆனால் ஸோடியாக்கின் கதை ஃப்ளட்டரோடு முடிந்துவிடவில்லை. எஃப்.ஏ.ஏ.வின் தனிக்குழு 2010-இல் வெளியிட்ட அறிக்கை ஒரே காரணம் என்று எதையும் நிறுத்தவில்லை. இறக்கையின் மேல் வரும் பளுவைக் கணக்கிட்டதில் குறை, கட்டமைப்பின் உறுதி, வேகமானி காட்டிய அளவு, ஸ்டிக் மிக இலேசாக இருந்தது என்று பல இழைகளை அது எடுத்துக்காட்டியது. 2009 இறுதியில் வந்த திருத்தத் தொகுப்பிலும் இறக்கையின் உள்பாகங்களைப் பலப்படுத்தும் வேலையும் எய்லரானுக்கு எதிர் எடையும் சேர்ந்தே இருந்தன. இறக்கை விறைப்பு இல்லாமல் வளைந்தால் ஈயம் மட்டும் என்ன செய்யும்? ஈயமும் விறைப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

ஈயமே வைக்காமல் விடுகிற ஒரு இடமும் உண்டு: எலிவேட்டரின் பின்விளிம்பில் இருந்து மூக்கின் நிலையைச் சரிசெய்து வைக்கும் சின்னத் தகடான டிரிம் டேப். அதற்கு எதிர் எடை வைக்கப் போனால் எலிவேட்டருக்கு அதைப் போலப் பல மடங்கு வைக்க வேண்டிவரும். அதனால் டேப்பைப் பொதுவாக விறைப்பான கம்பியால் அசையாமல் பிடித்து வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் அங்கே ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்ற, மாற்றியமைக்கப்பட்ட பி-51 மஸ்டாங் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பறந்தபோது அதன் டிரிம் டேப் ஃப்ளட்டருக்கு உள்ளாகி உடைந்தது. மூக்கு திடீரென்று மேலே எகிறியதில் விமானியின் உடம்பு புவியீர்ப்பைப் போல 17 மடங்குக்கும் மேலான விசைக்கு ஆளாகி அவர் செயலிழந்தார். விமானம் பார்வையாளர்கள் பக்கமாக விழுந்தது. அவரும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள். விசாரணையில் வெளிப்பட்ட முக்கியக் காரணம், டேப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் பழைய லாக் நட்டுகள். பல முறை கழற்றி மாட்டப்பட்டு, இறுக்கும் தன்மையே போயிருந்தன. ஒரு லாக் நட்டின் விலை சில ரூபாய்தான்.

உயரம் செய்யும் மாயத்தைக் கட்டுகிறவர்கள் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். வேகமானி காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. மேலே காற்று மெலிதாக இருப்பதால் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஃப்ளட்டரோ ஏறத்தாழ உண்மை வேகத்துக்குக் கட்டுப்பட்டது, ஏனென்றால் காற்று மெலிந்தால் அதன் தணிக்கும் சக்தியும் குறைகிறது. ஆர்.வி.-7-க்குத் தாண்டக் கூடாத வேகம் மணிக்கு சுமார் 370 கி.மீ. (230 மைல்), அது உண்மை வேகம் என்று வான்ஸ் நிறுவனமே விளக்கியிருக்கிறது. 5,500 மீட்டர் உயரத்தில் உண்மை வேகம் கருவி காட்டுவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஊசி 280-இல் நிற்கும்போதே அங்கே எல்லை வந்துவிட்டது. வரைபடத்தில் சொன்னதைவிடப் பெரிய எஞ்சினும் டர்போவும் மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் பெரிதானதால் எய்லரானின் ஃப்ளட்டர் வேகம் ஒரு கிலோமீட்டர் கூடக் கூடுவதில்லை.

முதல் பறப்புகளில் வேகத்தைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் நல்ல உயரத்தில், அமைதியான காற்றில், பாராசூட்டோடு. ஒவ்வொரு படியிலும் ஸ்டிக்கை லேசாகத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆட்டம் உடனே அடங்கினால் அடுத்த படி. அடங்க முன்பைவிட நேரம் எடுத்தால் அன்றைக்கு அதுவே முடிவு. சோதித்துப் பார்த்த உச்ச வேகத்தில் 90 விழுக்காடுதான் ‘தாண்டக் கூடாத வேகம்’ என்று பலகையில் சிவப்புக் கோடாக ஏறும். எப்போதாவது ஸ்டிக்கில் திடீர் நடுக்கம் தெரிந்தால் செய்ய வேண்டியது இரண்டே. எஞ்சினைக் குறைத்து, மூக்கை முரட்டுத்தனம் இல்லாமல் மெல்ல உயர்த்தி வேகத்தை இறக்குவது. பிறகு அந்த மெதுவான வேகத்திலேயே கிட்டத்தில் உள்ள ஓடுபாதையில் இறங்கிவிடுவது. இறங்கிய பின் கீல், போல்ட், கம்பி முனை, ரிவெட் வரிசை, எதிர் எடையின் பிடிப்பு எல்லாவற்றையும் திறந்து பார்த்து, எய்லரானைக் கழற்றி மறுபடி கூர்விளிம்பின் மேல் வைக்க வேண்டும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும், நடுங்கியதற்குக் காரணம் கிடைக்கும் வரை அந்த விமானம் கொட்டகையில்தான்.